மறுமுனையைப் பிடித்திருந்த கைகள்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பச்சமுத்து வீட்டில் நாளை கருமாதி. இறந்தவள் அவர் மனைவி அமராவதி. அவள் பெற்ற மகளுக்கு இந்தச் செய்தி இன்னும் தெரியாது.

தெரியாமல் போனது தற்செயலாக நடந்தது அல்ல.

கடலூர் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில், ஊர்ப் பஞ்சாயத்து பேசும் நாட்டார்களில் மூத்தவர் பச்சமுத்து. ஊர் வழக்கு எது வந்தாலும் கோயில் திடலில் அவர் சொல்வதுதான் முடிவு. பேசுவதற்கு முன் தொண்டையை ஒருமுறை செருமுவார். அந்தச் செருமல் கேட்டதும் திடல் அடங்கிவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மகள் வித்யா, அண்ணாகிராமத்து முந்திரிக்காட்டுக்காரர் மகன் ஜெயப்பிரகாஷைத் தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனபோது, ஊர் கேட்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவரே எழுந்து நின்றார்.

"என் வூட்டுக்கும் அவளுக்கும் இனிமே பேச்சு இல்ல. நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல."

அது கோபத்தில் வந்த வார்த்தை இல்லை. அதற்கு முந்தின ஆண்டு, அதே குப்பத்துச் சின்னம்மாளின் மகன் கொளஞ்சி இதேபோல வெளியில் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போயிருந்தான். அந்த வீட்டுக்கும் இதே தீர்ப்பைத்தான் பச்சமுத்து சொல்லியிருந்தார். சின்னம்மாளின் புருஷன் இறந்தபோதும் தீர்ப்பு மாறவில்லை. கொளஞ்சிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். அடுத்த வீட்டுக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று பேசுகிறவனுக்கு ஊர் நடுவில் நிற்க அருகதை இல்லை. பச்சமுத்து அப்படிப்பட்ட மனிதர் அல்ல.

ஆகவே அமராவதியைத் தூக்குவதற்கு முன், வாய்க்கரிசி போட மகளைத் தேடிய பெண்கள், தேடின வேகத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார்கள். பச்சமுத்துவின் தங்கை முதல் கைப்பிடி அரிசியைப் போட்டாள்.

அன்று மாலை, கூடத்தில் இன்னும் பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது, அடுக்களை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன செல்போன் ஒரே ஒருமுறை மணியடித்து நின்றது.

அது அமராவதியின் போன். வித்யா வீட்டைவிட்டுப் போவதற்கு முந்தின நாள் தாயும் மகளும் அடுக்களையில் நின்று செய்துகொண்ட ஏற்பாடு. விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் ஒருமுறை அடித்துவிட்டு வைத்துவிடுவாள். தாய் திருப்பி ஒருமுறை அடித்துவிட்டு வைத்துவிடுவாள். யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு வார்த்தை கிடையாது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று ஒரு பக்கம். இருக்கிறேன் என்று மறு பக்கம். புருஷன் ஊர் நடுவில் சொன்ன சொல்லை அமராவதி கடைசிவரை மீறவில்லை. பேச்சு இல்லை என்றுதான் அவர் சொன்னார். அவள் பேசவில்லை.

இது மகன் அரவிந்தனுக்குத் தெரியும். அந்தப் போனுக்கு ரீசார்ஜ் செய்து வந்தவன் அவன்தான். அன்று மாலை மணி அடித்ததும் அவன் பதறிப்போனான். பதில் போகாவிட்டால் அக்கா மறுபடி அடிப்பாள், மறுபடியும் அடிப்பாள். கூடத்தில் இருக்கிற ஊர்ப் பெண்கள் கேட்பார்கள். அப்பாவின் முகம் என்ன ஆகும்? அடுக்களைக்குள் போய், அம்மா எப்போதும் செய்வதுபோல் திருப்பி ஒருமுறை அடித்துவிட்டு வந்தான்.

மறுநாளும் அடித்தான். அதற்கு மறுநாளும்.

*

அரவிந்தன் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி ஆண்டு. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். கருமாதிக்கு முந்தின நாள் அவனுக்குச் செய்முறைத் தேர்வு வந்து விழுந்தது. போகவில்லை என்றுதான் அவன் சொன்னான். பச்சமுத்து ஒப்பவில்லை.

"பரிட்சைக்குப் பேர் குடுத்திருக்க இல்ல? குடுத்தா போகணும்," என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் விவாதம் கிடையாது.

மழிக்காத தாடியோடு லேபில் போய் உட்கார்ந்தான். பக்கத்து கம்ப்யூட்டரில் ஹிதாயத்துல்லா. பரங்கிப்பேட்டைக்காரன், சாவுக்கு வந்து கடைசிவரை நின்றுவிட்டுப் போனவன். அவன் தன் தண்ணீர் பாட்டிலை அரவிந்தன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

கேள்வி கடினமானது அல்ல. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புரோகிராம் தன்னைப்போலவே இன்னொன்றைப் பெற்றெடுக்கும். முதலாவதை அப்பன் என்றும் இரண்டாவதைப் பிள்ளை என்றும் லேபில் சொல்லிக்கொள்வார்கள். பிறந்தபின் இரண்டும் தனித்தனி. ஒன்றின் மனதில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. அவை பேசிக்கொள்ள வேண்டுமானால் நடுவில் ஒரு தொடர்பு வேண்டும். அதற்குத்தான் சாக்கெட் ஜோடி. ஒன்றோடொன்று கோக்கப்பட்ட இரண்டு முனைகள். இதில் போட்டது அதில் வரும், அதில் போட்டது இதில் வரும்.

இந்த ஜோடிக்கு நம்பர் கிடையாது, முகவரி கிடையாது. வெளியார் யாரும் தேடி வந்து பேச முடியாது. பிள்ளை பிரிந்து போவதற்கு முன்பே அப்பன் இதை உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். பிரிந்தபின் நினைத்துக்கொண்டு பயன் இல்லை. பிரியும்போது இரண்டு முனைகளின் பிரதியும் இருவர் கையிலும் இருக்கும். தனக்கானதை வைத்துக்கொண்டு மற்றதை அவரவர் மூடிவிட வேண்டும்.

அரவிந்தன் எழுதி ஓடவிட்டான். பிள்ளை அனுப்பிய மூன்று வரிகளும் அப்பனுக்கு வந்து திரையில் விழுந்தன. அனுப்பி முடித்த பிள்ளை தன் வேலையை முடித்துக்கொண்டது. இதோடு அப்பனும், மறுபக்கம் முடிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு முடிய வேண்டும்.

முடியவில்லை. திரையில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஓட விட்டான். அதே மூன்று வரி. அதே துடிப்பு.

ஹிதாயத்துல்லா எட்டிப் பார்த்தான். இன்னொரு ஜன்னலைத் திறந்து, எது எது ஓடுகிறது என்ற பட்டியலைப் போட்டுக் காட்டினான். பிள்ளையின் பெயர் அதில் இருந்தது. பக்கத்தில், இறந்துவிட்டது என்ற குறிப்பும் இருந்தது.

"புள்ள எப்பவோ முடிஞ்சிடுச்சி மச்சான்," என்றான் மெதுவாக. "அப்பன்தான் இன்னும் காதத் தீட்டிகிட்டு உக்காந்திருக்கான். எங்க வாப்பா மாரிதான். சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டாரு."

சொன்னபின்தான் எந்த வீட்டுப் பிள்ளையிடம் எதைச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தேர்வு நடத்த வந்தவர் ராமாமிர்தம் மேடம். கண்டிப்பானவர், அவரிடம் மதிப்பெண் இரக்கத்துக்குக் கிடைக்காது. அரவிந்தனின் பின்னால் வந்து நின்று புரோகிராமை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார்.

"ரீட்ல நிக்குது, இல்ல? வர்றதப் படிக்கற எடத்துல."

"ஆமா மேடம். சைல்டு முடிஞ்சிடுச்சி. ஆனா இதுக்குத் தெரிய மாட்டேங்குது."

"எப்பிடித் தெரியும்? அந்தப் பக்கத்து முனைய யாரு புடிச்சிருக்காங்கன்னு பாரு."

அரவிந்தன் பார்த்தான். பிள்ளை தனக்கு வேண்டாத முனையை மூடியிருந்தது. அப்பன் மூடவில்லை. மூடும் அந்த ஒரு வரியை அரவிந்தன் எழுத மறந்திருந்தான். பிள்ளையின் முனைக்கு ஒரு பிரதி அப்பன் கையிலேயே இருந்தது.

"சைல்டு போனாலும் அந்த முனை மூடல," என்றார் மேடம். "இவனே புடிச்சிகிட்டு இருக்கான். எத்தினி கை புடிச்சிருந்தாலும் கடைசிக் கை விடுற வரைக்கும் அந்தப் பக்கத்துல ஆள் இருக்குன்னுதான் கணக்கு. காலம் பூரா காத்துகிட்டு கெடக்கும்."

அந்த வரியைச் சேர்த்தான். ஓட விட்டான். மூன்று வரிகள் வந்தன. அடுத்த முறை படித்தபோது பூஜ்யம் வந்தது. மறுபக்கம் முடிந்தது என்று அவனே எழுதி வைத்திருந்த வரி திரையில் ஏறியது. புரோகிராம் அமைதியாக முடிந்தது.

அரவிந்தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், பூஜ்யம் வந்தா அது எரர் இல்லியா?"

"இல்லப்பா. எரர்னா மைனஸ் ஒன்னு வரும். பூஜ்யம்னா அந்தப் பக்கம் ஒழுங்கா முடிஞ்சிதுன்னு அர்த்தம். அதுவும் ஒரு செய்திதான்." மேடம் குறித்துக்கொண்டு நகர்ந்தார். இரண்டடி போனவர் திரும்பி, "அம்மா காரியம் என்னிக்கி?" என்று கேட்டார்.

"நாளைக்கி மேடம்."

"கெளம்பு. உன்னோடது முடிஞ்சிது."

*

பஸ் நிலையத்துக்குப் போக வேண்டியவன், கீழ வீதிப் பக்கம் நடந்தான்.

வித்யா வீடு எங்கே என்று அவனுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக இதே ஊரில் படிக்கிறான். ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. அப்பா சொன்ன சொல்லில் அவனும் அடக்கம். பேசக் கூடாது என்றுதானே, பார்க்கக் கூடாது என்று இல்லையே என்று மனசு சொன்னதை அவன் இதற்குமுன் கேட்டுக்கொண்டதில்லை. அன்று கேட்டான்.

தேரடிக்கு அருகில் பூக்கடை. அங்கேயே அவளைப் பார்த்துவிட்டான்.

தேங்காய்க் கடையின் மறைவில் நின்றுகொண்டான். அக்கா கொஞ்சம் சதை வைத்திருந்தாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கோயிலுக்குப் புறப்பட்டவள் போல இருந்தாள். பூக்காரியிடம் ஏதோ வம்பு பேசிச் சிரித்தாள். முழம் குறைகிறது என்று சண்டை போட்டிருப்பாள். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. மல்லியையும் கனகாம்பரத்தையும் சேர்த்து வாங்கி, அங்கேயே நின்று, தலையில் சூடிக்கொண்டாள்.

இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதுவும் பூவுக்காகக் கையை நீட்டியது. ஒரு கனகாம்பரத்தைக் கிள்ளி அதன் காதில் செருகினாள்.

அரவிந்தனுக்கு அப்போது ஒன்று விளங்கியது. போன வருஷம் ஒரு மாலை அம்மாவின் போன் ஒருமுறை அடித்து நின்று, பிறகு இன்னொருமுறையும் அடித்து நின்றது. ஏன் இரண்டு என்று அமராவதி அன்று முழுக்கத் தவித்தாள். உடம்பு சரியில்லையோ, அடி தடியோ என்று என்னென்னவோ நினைத்தாள். எடுத்துக் கேட்டுவிடலாமே என்றான் அரவிந்தன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளை பிறந்தால் எப்படி அடிப்பது என்று அடுக்களையில் நின்ற அன்று இருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாள். அம்மா போனதைத் தெரிந்துகொள்ளாமல் இவள் பூ வைத்திருக்கிறாள்.

கூப்பிடும் தூரம்தான். அவன் கூப்பிடவில்லை. குழந்தையோடு அவள் சன்னதித் தெருவில் திரும்பி மறைந்ததும், பஸ் நிலையத்துக்கு நடந்தான். ஆலப்பாக்கம், செம்மங்குப்பம் என்று ஊர்கள் கடந்து போயின. அவன் எதையும் பார்க்கவில்லை. பூவைச் சூடிக்கொண்ட அந்தக் கைதான் கண்ணில் நின்றது. தினமும் மாலை அந்தப் பூவை அவள் தலையில் வைத்தது யார் என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தான்.

*

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடு. முன்னறையில் அமராவதியின் படம், மாலை போட்டு. பச்சமுத்து அதற்கு எதிரில் நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே சின்னம்மாள் நாளைக்கு வேண்டிய பச்சரிசியை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அமராவதியும் ஒன்றாக மீன் கூடை சுமந்தவர்கள். சாவு விழுந்த நாளிலிருந்து அடுக்களை அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளே வந்தாள்.

"என்னா ஆச்சி பரிட்ச?" என்று கேட்டார் பச்சமுத்து.

"நல்லா எழுதிட்டேம்ப்பா."

சொல்லிவிட்டு அரவிந்தன் உள்ளே போகவில்லை. கீழே, அவர் காலருகில் உட்கார்ந்தான்.

"அப்பா, இனிமே நான் திருப்பி அடிக்க மாட்டேன்."

எதை என்று அவர் கேட்கவில்லை. முறத்தின் சத்தம் உள்ளே ஒருமுறை தவறி மறுபடி தொடர்ந்தது.

"நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்க. பேசல. பொய் சொல்லச் சொல்லி நீங்க சொல்லலியே."

"யாருடா பொய் சொன்னது?"

"நான்தான். அம்மா மாரி தெனம் அடிக்கிறேனே, அது என்னாப்பா? அம்மா இருக்காங்கன்னு சொல்றதுதான? நம்ம வூட்லேர்ந்துதான போவுது?"

பச்சமுத்து படத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் வாழ்நாளில் வாக்குத் தவறியதில்லை. பொய்யும் சொன்னதில்லை. இரண்டும் எதிரெதிரே வந்து நிற்கும் நாள் ஒன்று வரும் என்று திடலில் எழுந்து நின்றபோது அவர் நினைத்திருக்க நியாயமில்லை.

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் பேசினார். காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"முந்தாநாளு செம்மண்டலத்துக்கு அத்தை வூட்டுக்குச் சொல்லப் போயிருந்த. நீ வர இருட்டிடுச்சி."

"ஆமாம்ப்பா. அன்னிக்கி அக்கா அடிக்கல."

"அடிச்சிது. நான்தான் திருப்பி அடிச்சேன்."

அரவிந்தன் நிமிர்ந்து பார்த்தான். அப்பாவுக்கு அந்தப் போன் இருக்கும் இடமே தெரியாது என்று அம்மாவும் அவனும் மூன்று ஆண்டுகளாக நம்பியிருந்தார்கள்.

"எத்தினி வருசமா வாசல்ல உக்காந்து கேட்டுகிட்டு இருக்கேன்," என்றார் பச்சமுத்து. "எந்தப் பொத்தானுன்னு தெரியாதா?"

கடைசிக் கை என்று மேடம் சொன்னது அரவிந்தனின் நினைவுக்கு வந்தது. தன் கையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று அவன் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தான். இன்னொரு கையும் அங்கே இருந்திருக்கிறது. திடலில் அத்தனை பேரையும் அடக்கிய கை.

"இன்னிக்கி அக்காவப் பாத்தேம்ப்பா," என்றான். "பேசல. தூர நின்னுதான் பாத்தேன்."

அவர் எங்கே என்று கேட்கவில்லை. ஆனால் முகம் அவன் பக்கம் திரும்பியது.

"இடுப்புல ஒரு புள்ள. தலையில பூ வச்சிருந்துச்சி."

"பூவா?"

"மல்லியும் கனகாம்பரமும். சிரிச்சிகிட்டு நின்னு வாங்கி வச்சிகிச்சி."

பச்சமுத்துவின் கை நாற்காலியின் சட்டத்தை இறுகப் பிடித்தது. மகள் சாதி விட்டுக் கட்டிக்கொண்டதை அவர் தாங்கினார். மனைவி மறைந்ததைத் தாங்கினார். தாய்க்கு நாளை கருமாதி. பெற்ற மகள் கடைத்தெருவில் பூ வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். தெரிந்த எவனாவது பார்த்தால் என்ன சொல்வான்? அந்தப் பெண் மேல் குற்றம் இல்லை. அவளை அப்படி நிற்க வைத்தது இந்த வீடு. பச்சமுத்து வீடு.

சின்னம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, படத்தின் முன் விளக்கை ஏற்றினாள்.

*

அடுக்களையில் மணி ஒருமுறை அடித்து நின்றது.

தந்தையும் மகனும் அசையவில்லை. விளக்கின் திரி சரியாகப் பிடித்து எரியத் தொடங்கியது. சின்னம்மாள் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து முறத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். புடைக்கவில்லை.

மறுபடி ஒருமுறை அடித்து நின்றது.

இந்தமுறை இடைவெளி நீண்டது. அரவிந்தன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். சிதம்பரத்தில் அவள் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிக்னல் இல்லையோ என்று வாசலுக்கு வந்திருப்பாள்.

மூன்றாவது முறை மணி அடித்தது. நிற்கவில்லை. மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக அது விடாமல் அடித்தது.

சின்னம்மாள் எழுந்தாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, கொண்டுவந்து பச்சமுத்துவின் முன்னால் நீட்டினாள். அது அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கறதுன்னா எடுங்க மாமா," என்றாள். குரல் உயரவில்லை. "எம் புள்ள இன்னும் அவன் அப்பன் வலைக்குப் போறாருன்னுதான் நெனச்சிகிட்டு இருக்கான். நீங்க இத எடுத்தா, நாளைக்கி ஊரு கூடினதும் எனக்கும் ஒரு பதில் சொல்லணும். சொல்லுவீங்களா?"

ஊரில் அவரிடம் இப்படி எவரும் கேட்டதில்லை. பச்சமுத்து அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"சொல்றேன்," என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். அது அவளுக்குத் தெரியும். போனை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு நிலைப்படிக்குத் திரும்பிப் போனாள்.

பச்சமுத்து பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார்.

"அம்மா?"

மூன்று ஆண்டுகளாகக் கேட்காத குரல். ஒருநாளும் எடுக்காத போனை எடுத்துவிட்டார்களே என்ற பயம் அதில் இருந்தது.

"ஏம்மா திருப்பி அடிக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ... பேசக் கூடாதுன்னா பேச வேணாம்மா. வச்சிடு. வச்சிட்டு ஒருதரம் அடி. போதும்."

பச்சமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். போன் வழியாகத் தெருவின் இரைச்சலும் ஒரு குழந்தையின் மழலையும் கேட்டன.

"அரவிந்தா? நீயா?"

அவர் தொண்டையைச் செருமினார்.

மறுபக்கம் சட்டென்று அடங்கிப்போயிற்று. திடல் அடங்குவதுபோல.

"அப்பா?" என்றாள் வித்யா.

பேசக் கூடாது என்று ஊர் நடுவில் சொன்னவர், ஊர் நடுவில் சொல்லாமலே பேசப்போகிறார். அதற்கு நாளை பதில் சொல்லியாக வேண்டும். இன்று இதைச் சொல்லியாக வேண்டும். முதுகு நாற்காலியில் சாயாமல் நேராகவே இருந்தது.

"தலையில இருக்கற பூவ எடுத்துடும்மா," என்றார்.

மறுமுனையில் ஏதோ தரையில் விழுந்ததுபோல ஓர் ஒலி கேட்டது. குழந்தை வீறிட்டது. அவள் அழவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து நின்றது மட்டும் கேட்டது. கடைசியில் மெல்ல ஒரு கேள்வி வந்தது.

"நான் வரட்டுமாப்பா?"

பச்சமுத்து சின்னம்மாளைப் பார்த்தார். அவள் நிலைப்படியில், தலையை நிமிர்த்தாமல், நாளைக்கான அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.